குளம் வெட்டும் கைகளைக் கட்டிப்போடுவதா?

மேற்கு வங்கம் என்றதும் ஆறுகளும் பசுமையான வயல்களுமே நினைவுக்கு வரும். ஆனால், கொல்கத்தாவுக்கு மேற்கே, சோட்டா நாகபுரி பீடபூமியின் விளிம்பில் உள்ள புருலியா, பாங்குரா மாவட்டங்களின் நிலை வேறு. வறட்சிக்கு இலக்கான இப்பகுதியின் விவசாயிகளில் பெரும்பாலோர் ஒருபோக நெல்லை மட்டுமே நம்பி வாழ்கின்றனர். அறுவடை பொய்த்தால் பிழைப்புக்காக வெளியூர் செல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இத்தனைக்கும் அங்கு மழைக்குப் பஞ்சமில்லை. புருலியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை பெய்கிறது; தமிழகத்தின் ஆண்டுச் சராசரி 1,000 மி.மீட்டருக்கும் குறைவு. ஆனால், புருலியாவின் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான 4 மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சரிவான செம்மண் நிலத்தில் நீர் தங்குவதில்லை. மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு கங்சாவதி, தாமோதர் ஆறுகளில் கலந்துவிடுகிறது. நெல் கதிர்விடும் நேரத்தில் சில வாரங்கள் மழை தவறினாலும் பயிர் கருகுகிறது.

இதற்கான தீர்வு பெரிய அணைகளில் மட்டும் இல்லை. ஒவ்வொரு வயலிலும் சுமார் 5 சதவீத நிலத்தில் சிறு குட்டை வெட்டுவது அங்கு நடைமுறையில் உள்ள எளிய முறை. 'ஹாபா' எனப்படும் இக்குட்டையின் நீர் நெல்லுக்கு உயிர்த் தண்ணீராகிறது. மிச்சத்தில் கடுகும் காய்கறியும் விளைகின்றன. மேட்டு நிலத்தைச் சிறு பாத்திகளாக வரப்பிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றின் தாழ்ந்த மூலையிலும் குழி வெட்டினால் மண்ணும் நீரும் ஒருசேர நிற்கின்றன. இதற்குத் தேவைப்படுவது மண்வெட்டியும் கூலியுமே.

அந்தக் கூலிக்கு வழிசெய்தது தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். 2006-ல் முதற்கட்டமாகத் தேர்வான 200 மாவட்டங்களில் புருலியாவும் பாங்குராவும் இடம்பெற்றன. தரிசு நிலங்களை மீட்பதற்கான 'ஊஷர்முக்தி' பணிகளும் இத்திட்டத்தின் கீழ்தான் நடைபெற்றன.

ஆனால், முறைகேடு புகார்களைக் காரணம் காட்டி, 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கான நிதியை மத்திய அரசு நிறுத்தியது. புகார்களை ஒதுக்கிவிட முடியாது. செய்யாத வேலைக்குக் கணக்கு எழுதியோர் யாராயினும் தண்டிக்கப்பட வேண்டும். எனினும், முறைகேடு நடந்து பணம் மீட்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சுட்டப்பட்டவை பூர்வ வர்த்தமான், ஹூக்ளி, மால்டா, டார்ஜிலிங் ஆகிய 4 மாவட்டங்களே. புருலியாவின் விவசாயத் தொழிலாளி எதற்காகத் தண்டிக்கப்பட்டார்? நிதியை நிறுத்த அதிகாரம் அளித்த சட்டத்தின் 27-வது பிரிவே, நியாயமான காலத்துக்குள் குறைகளைச் சீர்செய்ய வேண்டும் என்றும் கூறியது. 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட முடக்கத்தை எவ்வாறு நியாயமான காலம் எனக் கொள்ள முடியும்?

இதைத்தான் கொல்கத்தா உயர் நீதிமன்றமும் உணர்த்தியது. தலைமை நீதிபதியாக இருந்த டி.எஸ்.சிவஞானம் தலைமையிலான அமர்வு, 2025 ஆகஸ்ட் 1 முதல் திட்டத்தை மீண்டும் செயல்படுத்துமாறு அவ்வாண்டு ஜூனில் உத்தரவிட்டது. முறைகேட்டைத் தடுக்க நிபந்தனைகள் விதிக்கவும் மத்திய அரசை அனுமதித்தது. இதை எதிர்த்த மேல்முறையீட்டை அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து கூலி நிலுவையை வழங்கியதும் உண்மையே. ஆயினும், மண்வேலைக்கு ஏற்ற காலம் கோடை. மத்திய நிதியின்றி 4 கோடைகள் கடந்துபோயின. அவற்றை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நாள்களை 125 ஆக உயர்த்தியதும் நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு முன்னுரிமை அளித்ததும் வரவேற்கத்தக்கவை. ஆனால், செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் பகிர வேண்டும் என்பது கவலையளிக்கிறது. நிதி நெருக்கடியில் உள்ள மாநிலமும் அரசியல் மாறுபாடு கொண்ட மத்திய அரசும் ஒருவரையொருவர் கைகாட்டினால் குட்டைகள் காகிதத்திலேயே நின்றுவிடும்.

தவறு நடந்த ஊராட்சியில் தணிக்கை நடக்கட்டும். தவறிழைத்தவரிடம் பணம் மீட்கப்படட்டும். அதற்காக ஒரு மாநிலம் முழுவதற்கும் நிதியை மறுக்கும் போக்கு இனியும் தொடரக் கூடாது. வறட்சிப் பகுதிகளின் நீர்ப் பணிகளுக்கான நிதி, எந்த அரசியல் பூசலிலும் நிறுத்தப்படாது என்ற உறுதியைப் புதிய சட்டத்தின் விதிகளிலேயே சேர்க்க வேண்டும். அரசுகளின் வழக்கு முடியும்வரை பருவமழை காத்திருக்காது.