தீப்பெட்டிப் படத்தின் மறுபக்கம்



சேர்த்து வைப்பதில் மனிதனுக்குள்ள ஆசை விந்தையானது. நெல்லையும் பொன்னையும் சேர்ப்பவனின் நோக்கம் எவருக்கும் விளங்கும். ஆனால், காற்காசும் பெறாத ஒரு பொருளைத் தேடித் தேடிச் சேர்த்து, துடைத்து, அடுக்கி, வீட்டிற்கு விருந்தினர் வந்தால் எடுத்துக் காட்டி மகிழ்கிறவனை என்னென்பது? தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்போர் பலர். பேருந்துப் பயணச்சீட்டு, துருப்பிடித்த சாவி, சட்டைப் பொத்தான், சோடாப் புட்டியின் மூடி எனச் சேர்ப்போரும் உண்டு. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த நீக் வெர்முலன் என்பவர், விமானப் பயணத்தில் குமட்டல் வந்தால் பயன்படுத்துவதற்கென்று தரப்படும் காகிதப் பைகளில் 6,290 சேர்த்து, கின்னஸ் சாதனை நூலில் இடம் பெற்றார். பயன்படுத்தாத பைகள்தாம் என்று கூறி வாசகர்களின் அச்சத்தைப் போக்கி விடுகிறோம்!

இவற்றையெல்லாம் வீண்வேலை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. சேகரிப்பவன் எதையும் கூர்ந்து நோக்கப் பழகுகிறான். பிறர் குப்பையென எறிவதில் அவன் வேறுபாட்டைக் காண்கிறான், நிறத்தைக் காண்கிறான், ஊரைக் காண்கிறான். கூர்ந்து நோக்கும் கண் பெரிய செல்வம். அந்தக் கண் எவ்வளவு தூரம் நோக்க வேண்டும் என்பதே இம்மாதம் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது. அதற்கு எடுத்துக்காட்டாக, நம் பிள்ளைகள் பல தலைமுறைகளாகச் சேர்த்து மகிழ்ந்த தீப்பெட்டிப் படத்தையே எடுத்துக் கொள்வோம்.

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்து வணிகர் 1827-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன்பின் தீப்பெட்டி நாடெங்கும் பரவியது. பெட்டிக்குப் பெட்டி படமும் மாறியது. படம் மாறியதும் சேர்ப்போரும் தோன்றிவிட்டனர். ஜப்பானியரான தெயீச்சி யோஷிசாவா 1925 முதல் சேர்க்கத் தொடங்கி, 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் 7,43,512 தீப்பெட்டிப் படங்களைத் திரட்டினார். ஒரு மனிதரின் ஆயுளுக்கு இது அரிய சாதனையன்றோ!

நம் நாட்டிற்குத் தீப்பெட்டி முதலில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழிலைக் கற்று, 1923-இல் தம் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில், வேளாண்மையை நம்பி வாழ இயலாத மக்களுக்கு அது வாழ்வளித்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரமெங்கும் ஆலைகள் எழுந்தன. கூடவே அச்சுத் தொழிலும் வளர்ந்தது. மயில், கிளி, பூனை, ரோஜா, குத்துவிளக்கு என்று உள்ளங்கை அகலம்கூட இல்லாத தாளில் வண்ண உலகமே விரிந்தது. நாம் சிறுவராயிருந்த காலத்தில் அதற்கு இருந்த மதிப்பை என்ன சொல்ல! ஒரு வெளியூர்ப் படத்திற்கு நான்கு உள்ளூர்ப் படங்கள் என்று பண்டமாற்று நடக்கும்.

நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கரிசல் காட்டுப் பங்கு ஒன்றில் பணி செய்து கொண்டிருந்தோம். பங்குத் திருவிழாவை ஒட்டிச் சிறுவர் கைவினைப் பொருட்காட்சி நடந்தது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டிற்கு வந்திருந்த நகரத்துச் சிறுவன் ஒருவன், தீப்பெட்டிப் படங்களை அழகாக ஒட்டிய பெரிய ஏடு ஒன்றை வைத்திருந்தான். முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் அதைப் புரட்டிக்கொண்டே வந்து, கிளிப் படம் ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"சாமி, இந்தக் கிளியை எங்கையால எத்தனை குரோசு ஒட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல" என்றார்.

"எந்த வயசுல அக்கா வேலைக்குப் போனீங்க?" என்று சிறுவன் கேட்டான்.

"எட்டு வயசுல தம்பி. எழுத்து தெரியாது. கிளி தலைகீழா இல்லாம நிமிந்து நிக்கான்னு பாத்துத்தான் ஒட்டுவோம்."

அவர் சிரித்துக்கொண்டேதான் கூறினார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குரோசு என்றால் 144 பெட்டிகள். அதை எண்ணித்தான் கூலி. அக்காலத்தில் பொழுது விடியுமுன்னே ஊர்தோறும் ஆலை வண்டிகள் வரும். உறக்கம் கலையாத பிள்ளைகள் "தீப்பெட்டி ஆபீசுக்கு" ஏறிச் செல்வர். சட்டத்தில் குச்சி அடுக்குவதும், பெட்டியில் குச்சி அடைப்பதும், படம் ஒட்டுவதும் அந்தப் பிஞ்சு விரல்களே. ஓரிடத்துப் பிள்ளை ஒட்டிய படத்தை மற்றோரிடத்துப் பிள்ளை பிரித்தெடுத்து மகிழ்ந்தது. இரு பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ ஒரே வயது!

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை ஆலை வேலையில் அமர்த்தலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் ஏழ்மையும் கடனும் ஏட்டிலிருந்த சட்டத்தை வென்றன. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைத் தடை செய்யப்பட்ட வேலைகளில் சேர்த்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறும் முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016-இல் சட்டம் விரிந்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கும் கலைத்துறைக்கும் மட்டும் விலக்கு உண்டு. பள்ளிகள் பெருகின; இயந்திரங்கள் வந்தன. தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகளின் உழைப்பு பெரிதும் குறைந்தது. இன்று அங்கே உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

படைத்தவரின் துயரைப் படமே எடுத்துரைத்த நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. இலண்டன் தீப்பெட்டி ஆலைகளில் அந்நாளில் வெண் பாஸ்பரஸ் பயன்படுத்தப்பட்டது. அந்நஞ்சு தொழிலாளரின் தாடை எலும்பையே அரித்தது. 1888-இல் அங்கே தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் புகழ்பெற்றது. 1891-இல் இரட்சணிய சேனையார் தாமே ஓர் ஆலையைத் திறந்தனர். தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸையே பயன்படுத்தினர். கூலியையும் கூட்டிக் கொடுத்தனர். இருண்ட இங்கிலாந்தின் ஒளி என்று பொருள்படும் பெயரைத் தம் பெட்டிக்குச் சூட்டினர். அதே 1891-இல்தான் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டு, உடலும் உள்ளமும் வளரும் முன்னே பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாகாது என எச்சரித்தார். அந்த இலண்டன் ஆலை பத்தாண்டுகளே நடந்தது. ஆயினும், அதன் பெட்டிகளைச் சேகரிப்போர் இன்றும் போற்றிக் காக்கின்றனர்.

நம் பொருட்காட்சிச் சிறுவனும் ஓர் அருஞ்செயல் செய்தான். எழுதுகோலை எடுத்து, அந்தக் கிளிப் படத்தின் கீழ் 'ஒட்டியவர்' என்று எழுதி, அப்பெண்ணின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக் கொண்டான். எழுத்தறியாத அவர், தம் பெயர் எழுதப்படுவதைக் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தார். அவன் ஏட்டிலிருந்த நூற்றுக்கணக்கான படங்களில் அது ஒன்றுக்கே அன்று உரிய விலை கிடைத்தது என்போம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எதையேனும் சேர்க்கத் தொடங்கினால் தடுக்காதீர்கள். வீடெல்லாம் குப்பை என்று கடியாதீர்கள். ஒரு நாள் அருகமர்ந்து, "இதைச் செய்தது யார்? எந்த ஊரில்? அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?" என்று கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிடில் இருவருமாகத் தேடுங்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. மலிவான அயல்நாட்டு லைட்டர்கள் இத்தொழிலை நெருக்கியதால், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ளவற்றின் இறக்குமதியை 2023-இல் நடுவண் அரசு தடை செய்தது. அந்த இரண்டு ரூபாய்க்குள் எத்தனை பெண்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை இந்தத் தேடலில் பிள்ளை உணரும்.

பொருளைச் சேர்க்கும் பிள்ளைக்கு அப்பொருளைச் செய்த மனிதரையும் காட்டிக் கொடுப்பது பெற்றோர் கடமை. அப்படிப் பழகிய பிள்ளை, நாளை வீட்டிற்கு வேலைக்கு வருபவரிடமும், கடையில் சாமான் கட்டித் தருபவரிடமும் பெயர் கேட்டுப் பேசும்.