ஒரே மருந்து போதுமா?

"பூச்சியா? மருந்தை அடி!" நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் யோசனை இது. எந்தப் பூச்சி, அது எப்படி வாழ்கிறது என்று கேட்பவர் குறைவு. மாணவ நண்பர்களே! மதுரை வட்டாரத்தில் தொல்லை கொடுத்த இரண்டு பூச்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த யோசனையின் குறை உங்களுக்கே விளங்கும்.

முதலாவது, படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த அந்துப்பூச்சி இனம் 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புகுந்தது. பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பகுதி உழவர்களும் நட்டமடைந்தனர்.

இரண்டாவது, மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. கலைத்தால் தாறுமாறாக ஓடுவதால் இப்பெயர். மதுரைக்கு வடக்கே, நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரச் சிற்றூர்களில் 2022-இல் இது பெருகியது. ஆடுமாடுகளின் கண்களைத் தாக்குகிறது என்று மக்கள் முறையிட்டனர். இது கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது.

இரண்டின் வாழ்க்கையும் எவ்வளவு வேறுபட்டது, பாருங்கள்! அந்துப்பூச்சி தனித்து வாழ்வது. ஒரே இரவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பறக்க வல்லது. பெண் பூச்சி ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்காது. பயிரைத் தின்பது புழுப் பருவமே. அதுவும் குருத்துக்குள் ஒளிந்துகொள்வதால் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை.

எறும்போ கூட்டு வாழ்வினது. ஒரே குடியிருப்பில் பல அரசிகள் இருக்கும். வெளியே திரிவன சிறகற்ற வேலைக்காரிகள். அவற்றை ஆயிரக்கணக்கில் கொன்றாலும் புற்றுக்குள் அரசிகள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே வழிகளும் வேறு. ஆண் அந்துப்பூச்சி பெண்ணின் மணத்தைத் தேடி வரும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அதன் வருகையை முன்னதாகவே அறியலாம். கோடை உழவு செய்தால் மண்ணுள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். எறும்புக்கு இவை பயன்படா. அது உணவைப் பகிர்ந்து உண்பது. மெதுவாக வேலை செய்யும் நச்சு இரையை வைத்தால் அதுவே அரசிக்கு ஊட்டிவிடும். ஆனால் காட்டில் வைக்கும் நச்சு பிற உயிர்களையும் கொல்லக்கூடும். செதிள் பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் திரவமே இவ்வெறும்பின் முக்கிய உணவு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்துமஸ் தீவில் அந்த உணவைக் குறைக்க, செதிள் பூச்சிகளை அழிக்கும் சிறு குளவியை 2016-இல் விட்டனர்.

மருந்தே கூடாது என்பதல்ல என் வாதம். பூச்சியின் வாழ்க்கையை அறியாமல் தெளிக்கும் மருந்து, நோயை அறியாமல் கொடுக்கும் மாத்திரை போன்றது. பணம் உழவருடையது, கேடு மண்ணுக்கு. உங்கள் ஊர் வயலில் புதிய பூச்சி எதையேனும் கண்டால், தெளிப்பானைத் தேடுமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் குறிப்பேட்டையும் எடுங்கள்.