அமோனியாவைத் துருவால் விரட்டும் பாக்டீரியா: சாக்கடை நிலையத்தின் கரன்ட் பில் குறையுமா?

டெல்லியில் குளிர்காலம் வந்தால் காற்று மட்டுமல்ல, குடிநீரும் செய்தியாகிவிடும். யமுனையில் அமோனியா ஏறும். வசீராபாத் குடிநீர் நிலையத்தால் சுமார் 1 பிபிஎம் வரைதான் சமாளிக்க முடியும். அதைத் தாண்டினால் சப்ளை குறையும். ஆற்றில் கலக்கும் முன்பே கழிவுநீரில் இருந்து அமோனியாவை எடுத்துவிடலாமே?

இப்போது எப்படி எடுக்கிறார்கள்?

தொட்டிக்குள் இரவு பகலாகக் காற்றை ஊத வேண்டும். ஆக்சிஜனை வைத்து பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட் ஆக்கும். வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கும். 1 கிலோ அமோனியா-நைட்ரஜனுக்கு 4.57 கிலோ ஆக்சிஜன் தேவை. பல நிலையங்களில் மின்செலவில் பாதி இந்த ஊதலுக்கே போகுது.

இரும்பு எங்கே வருகிறது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி சதுப்பு மண்ணில், ஆக்சிஜன் இல்லாமலே அமோனியா மாறுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதைச் செய்யும் பாக்டீரியாவைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஜாஃபே குழு பிரித்தெடுத்தது. பெயர் ஏ6. ஆக்சிஜன் செய்யும் வேலையை இங்கே துருவில் இருக்கும் இரும்பு செய்கிறது. இந்த முறைக்கு ஃபியாமாக்ஸ் என்று பெயர்.

அப்போ ஊதலே வேண்டாமா?

இங்கதான் சிக்கல். 1 கிலோ நைட்ரஜனை நைட்ரைட்டாக மாற்றவே சுமார் 24 கிலோ இரும்பு வேண்டும். ஒரு நாளைக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 40 மில்லிகிராம் அமோனியா-நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 9 டன்னுக்கு மேல் இரும்பு! அவ்வளவு கொட்ட முடியாது; கரைந்த இரும்பை மறுபடி துருவாக்கித்தான் ஆக வேண்டும். அதைக் காற்றால் செய்தால், 1 கிலோ நைட்ரஜனுக்கு 3.43 கிலோ ஆக்சிஜன் போகும். அதாவது செலவு குறையும், ஒழியாது. போதாக்குறைக்கு ஏ6 மெதுவாக வளரும். அமிலத்தன்மை உள்ள சூழலைத்தான் விரும்பும். இரும்புக்குப் பதில் மின்முனையை வைத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

இந்தியாவுக்கு என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி நகரங்களில் தினமும் 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது; சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர்தான். மத்திய அரசின் 2017 விதிகளில் நைட்ரஜனுக்கு வரம்பே இல்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்தான் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றது. ஆக, நிலையத்துக்கே வந்து சேராத கழிவுநீரை எந்தப் பாக்டீரியாவும் காப்பாற்றாது. நாளை யாராவது 'காற்றே வேண்டாம்' என்று இந்தத் தொழில்நுட்பத்தை விற்க வந்தால், ஒரே கேள்வி கேளுங்கள்: கரைந்த இரும்பை மறுபடி துருவாக்கும் செலவு யார் கணக்கில்?