சில்லுகளின் மேல் ஒரு வீடு

வீடு என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவோம். சுவரும் கூரையும் என்பார் ஒருவர். அடுப்பும் கிணறும் என்பார் இன்னொருவர். வளவும் வேலியும் என்பார் மூன்றாமவர். இவை யாவற்றையும் சுருக்கிச் சுருக்கி, ஒரு சிறிய லொறியின் முதுகில் ஏற்றிவிட்டால், எஞ்சுவது வீடாகுமா? இக்கேள்விக்கு விடை தேடும்பொருட்டு, இவ்வாரம் வாசகர்களை அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அந்நாட்டில் திறந்த பின்புறமுடைய சிறு லொறிகள் பெருவழக்கில் உள்ளன. கமக்காரர் வைக்கோலும் உரமும் ஏற்றும் அந்த இடத்தில், கப்பலின் சிற்றறையை ஒத்த ஒரு கூடத்தைப் பொருத்திவிட்டால் அது நடமாடும் இல்லமாகிவிடும். அதனைக் 'கேம்பர்' என்பர். வாசல் பின்புறத்தில் இருக்கும். மாதக் கணக்கில் அதனுள் உண்டு உறங்கிப் பயணஞ் செய்வோர் பலர். அவ்வாறு பயணஞ் செய்தோருள் மிகவும் புகழ்பெற்றவர் எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக்.

1902ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் சலீனாஸ் என்னும் ஊரிற் பிறந்த இவர், 1962இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். 1960இல் இவருக்கு வயது 58. முந்திய குளிர்காலத்தில் நோய்வாய்ப்பட்டுத் தேறியிருந்தார். இனிமேல் பாரந் தூக்கலாகாது, விரைந்து நடக்கலாகாது, ஓய்ந்திருக்க வேண்டும் என்று சுற்றியிருந்தோர் அறிவுரை கூறலாயினர். பெரிய மனிதர் ஒருவரைச் சிறு குழந்தையாக்கி நாற்காலியில் இருத்திவிடும் அந்த அன்பு அவருக்குப் பொறுக்கவில்லை. வேறொரு குறையும் அவர் மனத்தை உறுத்தியது. தம் நாட்டு மக்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தாம், ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நாட்டை நேரிற் சுற்றிப் பார்க்கவில்லையே என்பது அக்குறை. ஆகவே ஒரு லொறியும் அதன்மேல் ஒரு கூடமும் செய்து தருமாறு பணித்தார்.

பச்சை நிற லொறி வந்து சேர்ந்தது. அதற்கு 'ரொசினாந்தே' என்று பெயரிட்டார். ஸ்பானிய நாட்டுக் கதையில் வரும் டொன் கிஹோட்டே என்னும் வீரனின் மெலிந்த குதிரையின் பெயர் அது. கூடத்தினுள் இருவர் படுக்கத்தக்க கட்டில், நான்கு வாய்கள் கொண்ட எரிவாயு அடுப்பு, வாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டி, கணப்பு, விளக்கு, சிறு கழிவறை, அலுமாரி, பூச்சிகளைத் தடுக்கும் வலையிட்ட யன்னல்கள் யாவும் இருந்தன. வழித்துணை சார்லி என்னும் முதிய நாய். சடை அடர்ந்த பூடில் இனத்தைச் சேர்ந்த அது பிரான்சிற் பிறந்து வளர்ந்தது. பிரெஞ்சு மொழியிற் கட்டளையிட்டால் உடனே கீழ்ப்படியும். ஆங்கிலத்தில் இட்டாலோ மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அசையும் என்று எசமானர் வேடிக்கையாக எழுதினார்.

பயணம் செப்டெம்பர் மாதம் 23ஆந் தேதி நியூயோர்க் மாநிலத்தின் சாக் ஹாபர் என்னும் கடலோர ஊரிலிருந்து தொடங்கியது. சிறு வீடுதானே என்று எண்ணி அவர் பொருட்களைக் குறைத்தாரா எனின், இல்லை. படிக்காமல் எஞ்சிய கனத்த நூல்கள், பழுதுபார்க்கும் கருவிகள், உடைகள், உணவுப் பேணிகள், எழுதுதாள்கள் என்று தேவைக்கு நான்கு மடங்கு ஏற்றிவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த நூல்களை அவர் பயணத்திலும் படிக்கவில்லை! மனிதன் வீட்டைச் சிறிதாக்கினாலும் ஆசையை உடனே சிறிதாக்கிவிடுவதில்லை. ஏற்றிய பாரத்துக்குரிய வரியை லொறியின் சில்லுகள் பின்னொருநாள் வாங்கின. ஒரேகன் மாநிலத்தில், ஞாயிற்றுக்கிழமையன்று, பெருமழையில், ஒரு டயர் வெடித்தது. மற்றொன்றும் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. சேற்றில் மண்டியிட்டுச் சில்லை மாற்றி, ஊர்ந்து ஊர்ந்து ஒரு பெற்றோல் நிலையத்தை அடைந்தார். ஓய்வுநாளென்றும் பாராது அந்நிலையத்துக்காரர் அலைந்து திரிந்து தகுந்த டயர்களைத் தேடிக் கொடுத்தார். முன்பின் அறியாத அம்மனிதர் செய்த உதவியை எழுத்தாளர் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

இத்தகைய வீட்டில் ஒரு நாள் எவ்வாறு கழியும்? விடியற்காலையில் சார்லி கட்டிலருகே வந்து எசமானரின் முகத்தைக் கண்கொட்டாது பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பார்வையே அவரை எழுப்பிவிடும். எழுந்ததும் கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும். பின்னர், வண்டி புறப்படுமுன் ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் அடக்க வேண்டும். கதவு தாழிடப்பட்டதா, அடுப்பின் வாயு அடைக்கப்பட்டதா, பாத்திரங்கள் உருளாதா என்று பார்க்க வேண்டும். நிலையான வீட்டில் மேசைமேல் வைத்த கோப்பை மாலை வரை அங்கேயே இருக்கும். ஓடும் வீட்டில் முதல் வளைவிலேயே தரையில் விழுந்து நொறுங்கும். ஒழுங்கு என்பது பெரிய வீட்டில் அழகு. சிறு வீட்டில் அது அவசியம்.

மாலையில் தங்குமிடம் தேடுவதிலும் நுட்பம் உண்டு. வாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டி சமதளத்தில் நின்றால்தான் செவ்வனே வேலை செய்யும். ஆகவே மேடு பள்ளம் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும். குளிருக்கு அஞ்சி எல்லா யன்னல்களையும் இறுக மூடிவிட்டு அடுப்பை எரிப்பது பேராபத்து. சிற்றறையினுள் நச்சுப்புகை உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். பிறர் நிலத்தில் நிறுத்துவதாயின் உரியவரிடம் கேட்டு நிறுத்துவதே முறை. ஸ்டைன்பெக் அவ்வாறு கேட்கச் செல்வார். கேட்கப் போன இடத்தில் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் கோப்பி ஊற்றப்படும்.

துணி வெளுப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி நம் இல்லத்தரசிகளுக்கு நகைப்பூட்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியொன்றை எடுத்து, அலுமாரியில் உடைகள் தொங்கும் தடியில் இழுபடும் றப்பர்க் கயிற்றினாற் கட்டித் தொங்கவிட்டார். காலையில் அழுக்குத் துணிகளையும் சுடுநீரையும் சவர்க்காரத் தூளையும் அதனுள் இட்டு மூடிவிடுவார். நாள் முழுவதும் வண்டியின் குலுக்கலில் வாளி ஆடி ஆடித் துணிகளை அலசும். மாலையில் ஓர் ஓடைக்கரையில் அவற்றைப் பிழிந்து உலர்த்துவதே எஞ்சிய வேலை. பாதை கரடுமுரடாக இருந்தால் துணி மேலும் வெண்மையாகும். வாழ்க்கைக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் வாசகர்கள் என்னைப் பொறுத்தருள்வார்களாக!

வழியில் தடைகளும் வந்தன. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகே கனடாவினுள் புகுந்து குறுக்கே செல்ல நினைத்தார். சார்லிக்கு விசர்நாய்த் தடுப்பூசி இட்ட சான்றிதழ் கையில் இல்லாதபடியால், மறுபுறத்தில் நாயைத் திரும்ப அனுமதிக்கமாட்டார்கள் என்றறிந்து திரும்பிவிட்டார். பத்தாயிரம் மைல் பயணத்துக்கு எல்லாவற்றையும் நான்கு மடங்கு ஏற்றியவர், ஒரு துண்டுக் காகிதத்தை மறந்துவிட்டார்!

ஆயினும் சிறு வீட்டில் பெரிய விருந்தும் நடந்தது. மெயின் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அகழும் பருவம். எல்லைக்கு அப்பாலிருந்து பிரெஞ்சு பேசும் கனடியக் குடும்பங்கள் கூலி வேலைக்கு வந்து ஓர் ஏரிக்கரையிற் கூடாரமடித்திருந்தன. அவர்களோடு பழக விரும்பிய எழுத்தாளர், நாயைத் தூது அனுப்பினார். அதனை அழைத்து வரப் போவதுபோற் சென்று அறிமுகமானார். அன்றிரவு அக்குடும்பத்தினர் லொறியினுள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்து அவர் அளித்த பானத்தைப் பருகி மகிழ்ந்தனர். இருவர் வாழும் அறையில் பலர் இருந்த அவ்விரவே அப்பயணத்தின் மிக இனிய இரவுகளுள் ஒன்று.

மற்ற இரவுகள் அவ்வாறல்ல. எங்கு நிறுத்தினாலும் மனிதர்கள் லொறியைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தாமும் எங்கேனும் புறப்பட்டுவிட வேண்டுமென்று ஏங்கினர். அவர்கள் ஏங்கியது போவதற்கு. உள்ளே இருந்தவரோ, இரவின் தனிமையில், இருப்பதற்கு ஏங்கினார். தொலைபேசி கண்ட இடத்தில் மனைவியுடன் பேசுவார். சிக்காகோ நகருக்கு அவ்வம்மையார் வந்து சில நாள் உடனிருந்து சென்றபோது, மீண்டும் தனிமையைப் பழகுவது கடினமாயிற்று. சார்லி இருமுறை நோய்வாய்ப்பட்டு மிருக வைத்தியரிடம் போக நேர்ந்தபோது, தமக்கு எஞ்சிய ஒரே துணையும் போய்விடுமோ என்று அஞ்சினார்.

பயணத்தின் இறுதியில் அவர் நியூ ஓர்லியன்ஸ் நகரை அடைந்தார். அவ்வாண்டு நவம்பர் 14ஆந் தேதி, வெள்ளையருக்கென்றே இருந்த அந்நகரப் பாடசாலைகள் இரண்டில் கறுப்பினச் சிறுமியர் நால்வர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் குழந்தை, அரசாங்கக் காவலர் சூழத் தனியே ஒரு பாடசாலைக்குச் சென்றாள். வாயிலில் பெண்கள் கூடிநின்று நாள்தோறும் அக்குழந்தையைத் தகாத மொழிகளால் ஏசினர். அத்தகைய காட்சியை எழுத்தாளர் கூட்டத்தினுள் நின்று கண்டார். தாய்மாராயிருந்தும் ஒரு குழந்தையைக் கண்டு கூச்சலிடும் அப்பெண்களை அவரால் மறக்க முடியவில்லை. அதன்பின் பயணத்தில் மனம் செல்லவில்லை. வேர்ஜீனியா மாநிலத்தின் அபிங்டன் என்னும் ஊரருகே, வீடு இன்னும் தூரத்திலிருக்க, தம் பயணம் முடிந்துவிட்டதை உணர்ந்தார். பின் எங்கும் நில்லாமல் வீட்டை நோக்கி விரைந்தார்.

'சார்லியுடன் பயணம்' என்னும் பொருள்படும் நூல் 1962இல் வெளிவந்து பல்லாயிரவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்பயணம் நடந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2010இல், பத்திரிகையாளர் ஒருவர் அதே வழியிற் சென்று, கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஆராய்ந்தார். எழுத்தாளர் லொறியில் உறங்கிய இரவுகள் சிலவே. பல இரவுகளை விடுதிகளிலும் நண்பர் இல்லங்களிலும் கழித்தார். பயணத்திற் பெரும்பகுதியில் மனைவி உடனிருந்தார் என்று வெளிப்படுத்தினார். 2012இல் வந்த பதிப்பின் முன்னுரையிலேயே, இந்நூலில் கற்பனையும் கலந்துள்ளது என்று வாசகர்களுக்கு உணர்த்தப்பட்டது.

நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமே. உண்மை வரலாறு என்று கூறி வெளியிட்டதில் கற்பனையைக் கலந்தது தவறு என்று மாணவர்கள் சொல்வார்களாயின் அவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அக்குற்றத்தின் உள்ளே ஒரு பேருண்மை ஒளிந்திருப்பதையும் அவர்கள் நோக்க வேண்டும். தனியே வாழ வல்லேன் என்று உலகுக்குக் காட்ட விரும்பிய ஒருவர், கட்டிலும் அடுப்பும் கணப்பும் கொண்ட வீட்டை முதுகிற் சுமந்தும், மாலையானதும் மனிதர் இருக்கும் இடத்தையே நாடினார். மறைக்க முயன்ற செய்தியே அவர் எழுதியவற்றுள் மிக உண்மையானதாயிற்று.

அவர் 1939இல் எழுதிய 'கோபத்தின் திராட்சைகள்' என்னும் பொருள்படும் நாவலை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஒரு லொறி வருகிறது. நிலத்தை இழந்த ஏழைக் குடும்பமொன்று, பழைய லொறியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு, ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்ணியா நோக்கிச் செல்கிறது. அதில் குளிர்ப்பெட்டி இல்லை, கட்டில் இல்லை, நாளைக்கு உணவும் இல்லை. ஆயினும் தாய் ஒருத்தி அதில் இருந்தாள். குடும்பம் சிதறாது காத்தாள். அதனால் அந்த ஓட்டை லொறி வீடாயிருந்தது. எல்லா வசதியும் பெற்ற ரொசினாந்தேயில் அந்த ஒன்றுக்குத்தான் அலுமாரி செய்து பொருத்த முடியவில்லை.

ரொசினாந்தே பின்னர் சலீனாஸ் நகரில், 1998இல் திறக்கப்பட்ட ஸ்டைன்பெக் நினைவு நிலையத்தில் வைக்கப்பட்டது. பார்க்க வருவோர் யன்னல் வழியே எட்டிப் பார்த்து, இவ்வளவு சிறிய இடத்திலா என்று வியப்பர். இடம் சிறிதென்பது குறையன்று. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் சிக்கனத்துக்காக அன்று. சிறுகக் கட்டுவது எளிது. தச்சன் ஒருவன் போதும். பெருக வாழ்வதற்கோ மனிதர் வேண்டும்.

இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'நம் வீட்டை ஒரு லொறியில் ஏற்றுவதாயின், முதலில் எதை ஏற்றுவாய்?' வானொலி என்பான் ஒருவன். புத்தகம் என்பாள் ஒருத்தி. கடைக்குட்டி மட்டும், 'அம்மாவை' என்று சொல்லக்கூடும். கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டது அந்தப் பிள்ளைதான்.