போலிக் கணக்கு மதுரையில், சர்வர் அமெரிக்காவில்: யார் சட்டம் செல்லும்?

மதுரையில் ஒரு பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து, யாரோ போலிக் கணக்கில் பதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்தாச்சு, எஃப்ஐஆரும் போட்டாச்சு. ஆனால் அந்தக் கணக்கு இருப்பது அமெரிக்க நிறுவனத்தின் சர்வரில். இப்போது யாருடைய சட்டம் செல்லும்?

நம் சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 75 தெளிவாகவே இருக்கிறது. குற்றத்தில் இந்தியாவிலுள்ள கணினியோ நெட்வொர்க்கோ சம்பந்தப்பட்டிருந்தால் போதும். செய்தவர் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் வழக்குப் போடலாம்.

ஆக, அதிகாரம் இருக்கு. சிக்கலே ஆதாரத்தில்தான்.

ஆதாரம் ஏன் தாமதமாகிறது?

கணக்கைத் தொடங்கியவரின் ஐபி முகவரி போன்ற அடிப்படை விவரங்களை அமெரிக்க நிறுவனங்கள் விரும்பினால் நேரடியாகவே தரலாம். ஆனால் இன்பாக்ஸில் இருக்கும் மெசேஜ்களை வெளிநாட்டு போலீஸிடம் நேரடியாகக் கொடுக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே 2005 முதல் நடைமுறையில் இருக்கும் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் வழியாகத்தான் கேட்க வேண்டும். மாநில போலீஸிலிருந்து டெல்லி, அங்கிருந்து அமெரிக்க நீதித்துறை, பிறகு அங்குள்ள நீதிமன்றம் என்று அந்தக் கோப்பு ஊர் சுற்றிவர வேண்டும். இப்படி வெளிநாடுகள் அனுப்பும் கோரிக்கைகளுக்குச் சராசரியாக 10 மாதங்கள் ஆவதாக, அமெரிக்க அதிபர் அமைத்த குழுவே 2013-ல் சொன்னது.

இந்தத் தாமதம் அமெரிக்காவுக்கும் தெரியும். அயர்லாந்தின் டப்ளினில் உள்ள சர்வரிலிருந்த மின்னஞ்சல்களை அமெரிக்க அரசு கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் மறுத்து நீதிமன்றம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018 மார்ச்சில் 'கிளவுட் சட்டம்' வந்தது. டேட்டா எந்த நாட்டில் இருந்தாலும், அது அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தால் கொடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். கூடவே, ஒப்பந்தம் போடும் நாடுகள் நிறுவனங்களிடம் நேரடியாகக் கேட்கவும் வழி திறந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் போட்டுவிட்டன. இந்தியா இந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் உலகம் முழுக்க நீக்கச் சொல்லலாமா?

இது வேறு கேள்வி. பாபா ராம்தேவ் தொடர்ந்த வழக்கில், இந்தியாவிலிருந்து பதிவேற்றிய அவதூறு உள்ளடக்கத்தை உலகம் முழுவதும் நீக்க வேண்டும் என்று 2019 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் சிட்னி தேவாலயக் கத்திக்குத்து வீடியோ விவகாரத்தில் நிலைமை வேறு. எக்ஸ் தளம் அதை ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும் மறைத்தது. உலகம் முழுக்க மறைக்கச் சொன்ன இடைக்காலத் தடையை நீட்டிக்க அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

டெல்லி உத்தரவு நமக்குச் சாதகமாகத் தெரியலாம். ஆனால் இதே அதிகாரத்தை எல்லா நாடுகளும் கையில் எடுத்தால்? மன்னரை விமர்சிப்பதே குற்றம் என்று சொல்லும் நாட்டின் நீதிமன்றம், சென்னையில் நீங்கள் போட்ட பதிவை நீக்கச் சொல்லலாம். கடைசியில் எந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையோ, அதுவே எல்லோருக்கும் சட்டமாகிவிடும்.

என்ன செய்யலாம்?

பாதிக்கப்பட்டவரின் நாட்டுக்கு ஆதாரம் சீக்கிரம் கிடைக்க வேண்டும். அதே சமயம், நீக்கும் உத்தரவு பொதுவாக நாட்டு எல்லையோடு நிற்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள், சம்மதமின்றிப் பரப்பப்படும் அந்தரங்கப் படங்கள் போன்றவற்றுக்கு விதிவிலக்கு தேவை. அவற்றை ஒரு நாட்டில் மட்டும் மறைப்பது நீதி ஆகாது.

நேரடியாக ஆதாரம் பெறும் ஒப்பந்தத்துக்கு இந்தியா முயல வேண்டும். அதற்கு நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. தனியுரிமைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் அமெரிக்கா கையெழுத்திடும். நம் போலீஸ் டேட்டா கேட்கும்போது நீதிமன்ற மேற்பார்வை வலுவாக இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

அதுவரை, பிரச்சினை வந்தால் தாமதிக்காதீர்கள். லிங்க், ஸ்கிரீன்ஷாட், தேதியைச் சேமித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். கணக்கின் விவரங்களை அழிக்காமல் வைத்திருக்கும்படி நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பச் சொல்லி போலீஸிடம் கேளுங்கள். ஒப்பந்தக் கோப்பு ஊர் சுற்றி வரும்போது, அங்கே டேட்டா இருந்தால்தானே ஆதாரம்!