பேட்டர்னில் நூலின் பெயர் மட்டும் போதாது

இந்த இதழிலிருந்து ஒரு விதியைக் கொண்டுவருகிறோம். வெளியிடுவதற்காக எங்களுக்கு வரும் பின்னல் பேட்டர்னில் நூலின் கம்பெனிப் பெயரும் ஷேடு நம்பரும் மட்டும் இருந்தால், ஆடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம். அந்த நூல் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர், என்ன இழை, எத்தனை புரி, எப்படி நூற்றது, ஆடைக்கு மொத்தம் எத்தனை மீட்டர் செலவானது, துவைத்துக் காய்ந்த பிறகு 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை: இவ்வளவும் வேண்டும். எழுதுகிறவருக்கு இது சிறிது நேர வேலை. பின்னுகிறவருக்கோ மாதக்கணக்கான உழைப்பு இதை நம்பித்தான் இருக்கிறது.

பிரிட்டிஷ் பேட்டர்னையோ அமெரிக்கப் பேட்டர்னையோ வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பின்ன உட்காருகிறவர் நூலை மாற்றாமல் முதல் கண்ணிகூடப் போட முடியாது. ஷெட்லாந்துக் கம்பளி கோவைக் கடையில் இருக்காது. வரவழைத்தாலும் சென்னை வெயிலில் உடுத்த முடியாது. லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக்கோ பருத்தியோதான் கைக்குக் கிடைக்கும். லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் வாசகர்களுக்கு இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. பேட்டர்ன் புத்தகம் முப்பது வருடமாக அலமாரியில் இருக்கிறது, அதில் சொன்ன நூலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. ஆக, நூல் மாற்றுவது எப்போதாவது நேர்கிற சமாளிப்பு அல்ல. நம் கலையின் அன்றாட வேலையே அதுதான்.

அதற்கு நம்மிடையே வழங்கும் ஒரே அறிவுரை, ‘கேஜ் சரியாக வந்தால் போதும்’ என்பது. கேஜ் வேண்டும், சந்தேகமே இல்லை. 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி வர வேண்டிய இடத்தில் 21 வந்தால், 220 கண்ணி போட்ட மார்புச் சுற்று 100 சென்டிமீட்டருக்குப் பதிலாக ஏறக்குறைய 105 ஆகிவிடும். ஒரே ஒரு கண்ணிக்கு இந்த வித்தியாசம். ஆனால் கேஜ் சொல்வது அகலத்தையும் உயரத்தையும் மட்டும்தான். துணி எப்படித் தொங்கும், இழுத்தால் திரும்புமா, நனைந்தால் என்ன ஆகும், எத்தனை கிராம் தோளில் ஏறும் என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒரே கேஜில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு துணிகள் வரும்.

திருப்பூரில் பனியன் துணி ஓட்டுகிறவர்கள் நூலை எண்ணால் கேட்டு வாங்குகிறார்கள். 30 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் முப்பது இருக்கிறது என்று பொருள். அதோடு கார்டடா, கோம்ப்டா, முறுக்கு எவ்வளவு என்றும் பேசிக்கொள்வார்கள். ஒரு மில்லில் சரக்கு இல்லையென்றால் அதே எண்ணுள்ள நூலை வேறு மில்லில் வாங்கி வேலையைத் தொடரலாம். கைப்பின்னலில் நமக்குக் கிடைப்பதோ ‘டிகே’, ‘அரான்’, ‘வொர்ஸ்டட்’ என்ற பெயர்கள். பிரிட்டனில் டிகே என்பதை ஆஸ்திரேலியாவில் 8 பிளை என்கிறார்கள். அந்த நூலைப் பிரித்துப் பார்த்தால் எட்டுப் புரி இருக்க வேண்டிய அவசியமில்லை. ஷெட்லாந்தின் லெர்விக் நகரில் உள்ள ஜேமிசன் அண்ட் ஸ்மித் விற்கும் ‘2 பிளை ஜம்பர் வெயிட்’ நூலில் இரண்டு புரிதான். பின்னினால் மற்றவர்களின் 4 பிளை அளவுக்கு வரும். பெயரை நம்பி 2 பிளை லேஸ் நூல் வாங்கியவர் ஸ்வெட்டருக்குப் பதிலாக வலை பின்னிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் 0 முதல் 7 வரை எண் கொடுத்து இதை ஒழுங்குபடுத்த முயன்றது. கடையில் அலமாரி அடுக்க அது உதவுகிறது. ஆடைக்குப் போதாது. 4ஆம் எண் நூல் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 16 முதல் 20 கண்ணி வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 200 கண்ணி போட்டால் ஒரு ஓரத்தில் 125 சென்டிமீட்டர், மறு ஓரத்தில் 100. ஒரே எண்ணுக்குள் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்குமான இடைவெளி அடங்கிவிடுகிறது.

அதனால்தான் நாங்கள் மீட்டரைக் கேட்கிறோம். ஆனால் மீட்டரும் தனியே நின்றால் ஏமாற்றும். அதற்கு நூற்ற விதம் துணை வேண்டும். கஸ்கேட் 220 என்ற புகழ்பெற்ற அமெரிக்க நூலின் பெயரிலேயே அதன் நீளம் இருக்கிறது: 100 கிராமுக்கு 220 கெஜம், அதாவது 200 மீட்டர். புரூக்ளின் ட்வீட் நிறுவனத்தின் ஷெல்டர் 50 கிராமுக்கு 128 மீட்டர், 100 கிராமுக்கு 256. இரண்டும் ஏறக்குறைய ஒரே கேஜில் பின்னுகிறவை, இரண்டும் கம்பளிதான். அப்படியென்றால் ஷெல்டர் எடைக்கு எப்படி இத்தனை நீளம் ஓடுகிறது? அது கார்டிங் மட்டும் செய்து நூற்ற நூல். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து நடுவில் காற்றை அடைத்து வைத்திருக்கும். சீவி ஒரே திசையில் படியவைத்து நூற்ற நூலில் அந்தக் காற்று இருக்காது. அதே பருமன் வர இழை அதிகம் வேண்டும். 1,280 மீட்டர் பிடிக்கும் ஸ்வெட்டர் ஷெல்டரில் 500 கிராம், கஸ்கேட்டில் 640 கிராம். முதலாவது உடலை விட்டுச் சற்று விலகி நிற்கும், இரண்டாவது உடலோடு இறங்கும். டிசைனர் எதை நினைத்து வரைந்தார் என்பது பேட்டர்னில் இல்லையென்றால் பின்னுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதன் உச்சம் ரோவன் நிறுவனத்தின் கிட்சில்க் ஹேஸ். மொஹேரும் பட்டும் கலந்த நூல், 25 கிராமில் 210 மீட்டர். நீளத்தை மட்டும் பார்த்தால் மெல்லிய லேஸ் நூல். ஆனாலும் 5 மில்லிமீட்டர் ஊசியில்கூட அது துணியாகவே நிற்கிறது, ஏனென்றால் மொஹேரின் நீண்ட ரோமங்கள் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவிலுள்ள வெளியை நிரப்பிவிடுகின்றன. அதே நீளமுள்ள வழவழப்பான பருத்தி நூலை அந்த ஊசியில் பின்னினால் உள்ளே போட்ட சட்டையின் பொத்தான்கள் வரை தெரியும்.

பருத்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், நம் தட்பவெப்பத்தில் அதிகம் நடக்கும் மாற்றம் அதுதான். கம்பளி இழையில் பிறவியிலேயே சுருள் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பருத்தியில் அந்த மீட்சி இல்லை. பருத்தி இழையே கம்பளியைவிட அடர்த்தியும் கூட. டிகே கம்பளியில் 50 கிராம், 120 மீட்டர் உருண்டை பன்னிரண்டு கேட்கும் பேட்டர்ன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,440 மீட்டர். உங்கள் பருத்தி நூல் 50 கிராமுக்கு 85 மீட்டர் என்றால் பதினேழு உருண்டை வேண்டும். பன்னிரண்டு வாங்கியவர் இரண்டாவது கையில் மாட்டிக்கொள்வார். கடையில் அதே டை லாட் அதற்குள் தீர்ந்திருக்கும். பதினேழும் வாங்கிப் பின்னி முடித்தால் ஆடை 600 கிராமுக்குப் பதிலாக 850 கிராம். அந்தக் கூடுதல் கால் கிலோ ஒவ்வொரு முறை உடுத்தும்போதும் ஆடையைக் கீழே இழுக்கும். இடுப்புக்குப் பின்னியது தொடைக்கு வரும். மணிக்கட்டு ரிப் சில நாளில் வாயைப் பிளந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. கம்பளி டிகேக்குப் பதிலாக அதைவிட ஒரு படி மெல்லிய பருத்தியை எடுத்து, கண்ணிகளைக் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். ரிப் பகுதியை இரண்டு அளவு சிறிய ஊசியில் பின்னலாம். தோள் தையலில் உள்பக்கமாக நாடா வைத்துத் தைத்தால் தோள் நீளாது. நீளத்தைத் தொங்கவிட்டு அளந்த மாதிரித் துண்டை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் அடர்ந்த கேபிள் போட்ட அரான் ஸ்வெட்டரைப் பருத்தியில் பின்ன வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. கேபிள் என்பது கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது; வளைந்து கொடுக்காத நூலில் அது விரலையும் மணிக்கட்டையும் நோகடிக்கும், எடை இன்னும் கூடும். அந்த டிசைனின் அழகு கம்பளியின் மீட்சியில் இருக்கிறது. பருத்திக்கென்று வரைந்த டிசைனைத் தேடுவது நூலுக்கும் நமக்கும் நல்லது.

கம்பளிக்குக் கம்பளி மாற்றும்போதும் கவனம் வேண்டும். ‘சூப்பர்வாஷ்’ என்று லேபிள் இருந்தால், மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி இழையின் மேலுள்ள செதில்களைக் குளோரினால் மழுக்கி, பெரும்பாலும் மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைத் துணிக்கு அது வரம். ஆனால் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது அந்தச் செதில்களால்தான். ஃபேர் ஐல் பின்னலில் உடலைக் குழாய் போலச் சுற்றிப் பின்னிவிட்டு, முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். அதற்கு ‘ஸ்டீக்’ என்று பெயர். ஷெட்லாந்துக் கம்பளி பிசுக்கென்று ஒட்டிக்கொள்வதால் வெட்டின இடம் பிரியாமல் நிற்கிறது. சூப்பர்வாஷ் மெரினோவிலோ பருத்தியிலோ அதே துணிச்சலோடு கத்தரி வைத்தால் கண்ணி வழுக்கி ஓடிவிடும். தையல் மெஷினில் வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் நெருக்கமாகத் தைத்த பிறகே வெட்ட வேண்டும். தவிர, சூப்பர்வாஷ் துணி நனைந்ததும் வளரும். உலர்ந்த துண்டில் சரியாக இருந்த கேஜ் முதல் துவையலில் மாறும்.

அக்ரிலிக்கை இளக்காரமாகப் பேசும் பழக்கம் வெளிநாட்டுப் பின்னல் எழுத்தில் நிறைய உண்டு. இந்த இதழுக்கு அதில் உடன்பாடில்லை. நம்மில் பலர் பின்னக் கற்றதே அதில்தான். விலை குறைவு, பூச்சி அரிக்காது, தினமும் துவைக்கலாம். அதன் குணம் தெரிந்திருந்தால் போதும். லேஸ் சால்வையைக் கம்பளியில் பின்னினால் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் பூ வேலை திறந்துகொள்ளும். அக்ரிலிக் தண்ணீருக்கு அப்படிப் பணியாது, நீராவிக்குத்தான் பணியும். ஒருமுறை பணிந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. சால்வைக்கு அது தோதான குழைவைக் கொடுக்கும். ரிப்பில் பட்டால் அதன் பிடிப்பு அத்தோடு போய்விடும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு மட்டும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

வரிசைக் கேஜைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் ஐஸ்லாந்து ஸ்வெட்டரை இங்கே சொல்கிறோம். லெட்லோபி நூல் 50 கிராமுக்கு 100 மீட்டர், 4.5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி, 24 வரிசை. கழுத்தைச் சுற்றி வட்டமாக வரும் யோக்கில் டிசைன் வரைபடத்துக்கு வரிசை எண்ணிக்கை நிலையானது. நடுவில் நிறுத்தவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. 56 வரிசை இருந்தால் லெட்லோபியில் 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். மாற்று நூலில் கண்ணி அதே 18 வந்து, வரிசை 27 ஆனால் யோக் 21 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும், அக்குளில் பிடிக்கும். நேராகப் பின்னும் உடற்பகுதியில் இன்னும் நாலு வரிசை போட்டுச் சரிக்கட்டலாம். யோக்கில் அது நடக்காது. வரிசைக் கேஜைக் குறிப்பிடாத யோக் பேட்டர்னை இனி நாங்கள் தொடமாட்டோம்.

எலிசபெத் ஸிம்மர்மன் இந்தச் சிக்கலை அடிவேரிலேயே தீர்க்கப் பார்த்தவர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், வட்டமாகப் பின்னச் சொல்லி எழுதிக் கொடுத்ததை வெளியிட்டவர்கள் தட்டையாகப் பின்னும் முறைக்கு மாற்றிவிட்டதால், 1958இல் தன் சொந்தச் செய்திமடலையே தொடங்கினார். அவருடைய முறையில் நூலின் பெயரே தேவையில்லை. உங்கள் நூலில், உங்கள் கையில் வரும் கேஜை மார்புச் சுற்றால் பெருக்கி, அந்தக் கண்ணி எண்ணிக்கையை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு அதில் 20 சதவீதம், கழுத்து 40 சதவீதம். 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி, சுற்று 100 சென்டிமீட்டர் என்றால் உடலுக்கு 180, மணிக்கட்டுக்கு 36, கழுத்துக்கு 72. எளிய ஸ்வெட்டருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வாசகர்கள் ஒருமுறையாவது இப்படிப் பின்னிப் பார்க்க வேண்டும். கேஜ் என்பது பேட்டர்ன்காரர் போடும் கட்டளை என்ற பயம் அதற்குப் பிறகு இருக்காது.

மாதிரித் துண்டைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் செய்வதில்லை. 10 சென்டிமீட்டர் அளக்க 15 சென்டிமீட்டராவது பின்ன வேண்டும், ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும். ஆடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, பருத்தியானால் கீழ் ஓரத்தில் சிறு பாரம் கட்டி ஒரு நாள் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ஊசி எண்ணிலும் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் உள்ள ஊசிகள் பழைய பிரிட்டிஷ் எண்ணில் வருகின்றன. 10ஆம் நம்பர் என்றால் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கப் பேட்டர்னில் 10 என்றால் 6 மில்லிமீட்டர். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் மட்டும் பேசுவோம்; இனி இந்த இதழில் ஊசி அளவு அப்படித்தான் அச்சாகும்.

ஏற்கெனவே வெளியீட்டுக்குத் தேர்வாகிக் காத்திருக்கும் பேட்டர்ன்களுக்கும் இந்த விதி பொருந்தும். அவற்றை எழுதியவர்களுக்கு விவரம் கேட்டுத் தனித்தனியே எழுதுகிறோம். நூல் இப்போது சந்தையில் இல்லை, லேபிளும் கையில் இல்லை என்கிறவர்கள் மிச்சமுள்ள நூலில் பத்து மீட்டர் அளந்து எடை போட்டு, புரிகளைப் பிரித்து எண்ணி அனுப்பினால் போதும். நகைக்கடைத் தராசு போதுமான துல்லியத்தோடு காட்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். நம் பேட்டர்ன் ஒன்றை வேறு நூலில் பின்னி முடித்தவர்கள், சரியாக வந்தாலும் வராவிட்டாலும், புது நூலின் லேபிளையும் துவைத்த மாதிரித் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் பேட்டர்னுக்கு எந்த நூல் ஒத்துவந்தது, எது ஏன் ஒத்துவரவில்லை என்று அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து வெளியிடுவோம்.