விருந்து என்பது யாரை?

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் சில தம் முதற்பொருளை இழந்து நிற்கின்றன. ‘விருந்து’ அவற்றுள் ஒன்று. இன்று அச்சொல்லைக் கேட்டதும் பந்தியும் பிரியாணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அதன் பொருள் புதுமை என்பதாகும். புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கும் ‘விருந்து’ என்றே பெயரிட்டது தொல்காப்பியம். அவ்வழியே, இல்லம் நாடிப் புதிதாய் வந்தவரும் விருந்து எனப்பட்டார். உறவினரைப் பேணுதலுக்குச் ‘சுற்றந்தழால்’ என்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், ‘விருந்தோம்பல்’ என்பதை அதனின் வேறாக வைத்தமை கருதத்தக்கது.

திருமறையும் இதனையே உணர்த்துகிறது. இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வந்த விருந்தினர் அறிமுகமற்றவர்கள் என்று 51ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர்களுடைய ஸலாமுக்குப் பதில் கூறிய நபியவர்கள், ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொணர்ந்து அவர்கள் முன் வைத்தார்கள். வந்தவர்கள் வானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது.

‘மர்ஹபா’ என்று நாம் வரவேற்கிறோமே, அவ்வரபுச் சொல்லின் வேர்ப்பொருள் விசாலம். ‘உமக்கு இங்கே தாராளமாக இடம் உண்டு’ என்பதே அதன் கருத்து.

வெண்ணந்தூர் தறியால் வாழும் ஊர். பிழைப்புத் தேடி அங்கு வந்த புதியவர் ஒருவர், ஜும்ஆவில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார் எனக் கொள்வோம். ஸலாம் கூறுகிறோம், கைகொடுக்கிறோம். அவர் பகலுணவுக்கு என்ன செய்வார் என்று கேட்கிறோமா? அன்று நம் தெருவில் வலீமா நடந்தாலும் அவருக்கு அழைப்பில்லை. செல்வர்களை அழைத்து ஏழைகளை ஒதுக்கும் வலீமா உணவே உணவுகளுள் தீயது என்னும் எச்சரிக்கை ஹதீஸில் உள்ளதை மறந்துவிடுகிறோம்.

‘முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் எப்படி அழைப்பது?’ எனச் சிலர் தயங்கலாம். அத்தயக்கம் நியாயமானதே. விருந்துக்கு மூன்று நாள் என்று எல்லை வகுத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், வீட்டாருக்குச் சுமையாகும்வரை தங்கலாகாது என்று விருந்தினருக்கும் கட்டளையிட்டார்கள். வீட்டுக்குள் அழைக்க இயலாவிடில், ஒரு தூக்குச்சட்டியில் உணவு அவர் இருப்பிடம் செல்லலாமே! அவர் எம்மதத்தவராயினும் பசி ஒன்றுதான்.

அடுத்த வலீமாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது, நாம் அறியாத ஒருவருக்கும் அதில் இடம் வைப்போம். அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!